எழுபது பேருக்கு ஒரு மலை

குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் பாறையேறிகளிடையே ஒரு புலம்பல் தவறாமல் எழுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், எல் பாசோ நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், சிவாவா பாலைவனத்தில் இருக்கும் வேக்கோ டாங்க்ஸ் பூங்காவைப் பற்றிய புலம்பல் அது. ‘உலகின் தலைசிறந்த போல்டரிங் களத்தை அரசு பூட்டி வைத்திருக்கிறது’ என்பது அதன் சாரம். கயிறின்றி, கீழே ஒரு மெத்தையை மட்டும் விரித்துக்கொண்டு, குட்டைப் பாறைகளில் ஏறும் இவ்விளையாட்டில் ஆர்வமில்லாத வாசகர்களையும் இந்த வழக்கைக் கேட்க அழைக்கிறோம். ஏனெனில் எதிர்த்தரப்பில் நிற்பவை ஓவியங்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1998-இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, வடக்கு மலைப் பகுதியில் ஒரே நேரத்தில் 70 பேர் மட்டுமே வழிகாட்டியின்றி நடமாடலாம். கிழக்கு மலைக்கும் மேற்கு மலைக்கும் வழிகாட்டி ஒருவருடன்தான் போக முடியும். நுழையுமுன் ஒரு விளக்கப் படத்தைப் பார்த்தாக வேண்டும். ஒருமுறை பார்த்தால் ஓராண்டுக்குச் செல்லும். விறகுக்கும் கரிக்கும் தடை. குளிர்காலத்தில் முன்பதிவு இல்லாமல் போவது, பொங்கலுக்கு முந்தைய இரவில் கோயம்பேட்டில் இடம் தேடுவதைப் போன்றது. இவ்வளவுதான். இதைத்தான் நம் நண்பர்கள் சுதந்திரத்தின் மீது விழுந்த இடி என்கிறார்கள்.

அவர்களது முதல் வாதம் உரிமை பற்றியது. ‘இந்த இடத்தை உலகறியச் செய்தவர்கள் நாங்கள்’ என்கிறார்கள். பாதி உண்மை. போல்டரிங்கின் கடினத்தை அளக்க இன்று பல நாடுகளிலும் புழங்கும் ‘வி’ அளவுகோல் இங்கேதான் பிறந்தது. ஜான் ஷெர்மன் 1991-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் வாயிலாகப் பரவியது. ஆனால் அந்த 350 ஹெக்டேர் பரப்புக்கு அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பெயர் இருந்தது. ‘வேக்கோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் குழிவு என்று பொருள். பாறையின் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும். நம் மொழியில் சுனை என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீரில்லாத நிலத்தில் சுனை என்றால் என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நீரை நாடி வந்த ஹொர்னாடா மொகொயோன் பண்பாட்டு மக்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாறைகளின் உட்கூரைகளிலும் பிளவுகளிலும் முகமூடிகளை வரைந்தார்கள். அத்தகைய முகங்கள் 200-க்கும் மேல் உள்ளன. வட அமெரிக்காவில் ஓரிடத்தில் இத்தனை ஓவிய முகமூடிகள் வேறெங்கும் இல்லை. பின்னர் மெஸ்கலேரோ அப்பாச்சிகள் வந்தார்கள். 1839-இல் கயோவாக்கள் சிலர் மெக்சிகோ வீரர்களால் இங்கே முற்றுகையிடப்பட்டார்கள். 1858-இல் பட்டர்ஃபீல்டு அஞ்சல் வண்டிகள் நீருக்காக இங்கே நின்றன. அருகிலுள்ள இஸ்லெட்டாவின் திவா மக்களுக்கு இது இன்றும் புனிதத் தலம். இவ்வரிசையின் கடைசியில் மெத்தையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தவர், ‘நான் கண்டுபிடித்த இடம்’ என்று சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ‘கிறுக்கியவர்கள் நாங்கள் அல்லர், பிறர் செய்த பிழைக்கு எங்களுக்கேன் தண்டனை?’ உண்மைதான். பாறைகளில் பெயர் பொறித்தவர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழிப்போக்கர்களும் உண்டு, பிற்காலத்தில் கூத்தடிக்க வந்தவர்களும் உண்டு. பாறையேறிகளில் பெரும்பாலோர் ஓவியங்களை மதிப்பவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ‘ஓவியம் தெரியும் இடத்தில் கை வைக்க மாட்டோம்’ என்கிறார்கள். தெரியும் இடத்தில் என்பதுதான் சிக்கல். மங்கிப்போன வண்ணங்கள் பல வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிழற்படத்தைக் கணினியில் ஏற்றி நிறங்களைப் பிரித்துக் காட்டும்போதுதான் வெற்றுப் பாறையிலிருந்து ஒரு முகம் எழுந்து வருகிறது. மக்னீசியத் தூள் பூசிய விரல்களுக்கு இது எப்படித் தெரியும்? பாறை மட்டுமன்று. வறண்டு கிடக்கும் குழியின் மண்ணில் கண்ணாடி போன்ற சிற்றிறால்களின் முட்டைகள் மழைக்காகக் காத்துக் கிடக்கின்றன. அதன் மீது மெத்தையை இழுத்துச் செல்பவர் நல்லெண்ணம் கொண்டவரா என்பது முட்டைக்குத் தெரியாது. எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பதைத் தண்டனை என்று கொள்வது, நூலகத்தில் குரல் தாழ்த்தச் சொல்வதைத் தண்டனை என்று கொள்வதற்கு ஒப்பானது.

இனி, நீண்ட பயணத்தைத் திட்டமிடுவோரிடம் நேராகவே பேசுகிறோம். குளிர்காலத்தில் ஒரு மாதம் தங்கி ஏறுவதுதான் பலரது கனவு. கனவில் தவறில்லை. பகலில் இதமான வெயில், இரவில் உறைநிலையை ஒட்டிய குளிர், பாறையில் விரல் வழுக்காத பிடி. வேனிலில் இதில் எதுவும் கிட்டாது. ஆனால் இக்கனவோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்கப்போகும் 28 நாட்களுக்கும் ஒரே மூச்சில் முன்பதிவு செய்துவிடுவது, பிறகு விரும்பிய நாளில் மட்டும் போவது. இதில் உள்ள கணக்குப் பிழையை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அங்குள்ள பாறை அக்கினியில் பிறந்த சயனைட், சொரசொரப்பானது. இரண்டு நாள் ஏறினால் மூன்றாம் நாள் விரல்நுனித் தோல் ஓய்வு கேட்கும். அப்படிப் பார்த்தால் 28 நாட்களில் ஏறக்கூடியவை 19. எஞ்சிய ஒன்பது நாட்கள் வீண். டெக்சாஸ் அரசைக் காட்டிலும் கறாரான ஒழுங்குமுறையைத் தம் விரல்களே விதித்திருக்க, அந்த ஒன்பது நாள் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு ‘இடமே கிடைப்பதில்லை’ என்று புலம்புவதை என்னவென்று சொல்வது? காலையில் வாயிலில் நின்று, யாராவது வராமல் போவார்களா என்று காத்திருப்பவருக்கு அவ்விடம் ஒருவேளை கிட்டலாம். முன்பதிவுப் பட்டியல் நிரம்பியிருப்பதைக் கண்டு பயணத்தையே கைவிட்ட தொலைதூரத்துக் குடும்பத்துக்கு அது கிட்டாது. திவாச் சிறுவன் ஒருவனுக்குத் தன் பாட்டன் சொன்ன பாறையைப் பார்க்க வாய்க்காமல் போவதற்கும் இதே வழக்கம் காரணமாகலாம்.

ஓய்வு நாட்களை முன்கூட்டியே குறித்து, அவற்றுக்குப் பதிவு செய்யாதிருங்கள். மழையாலோ காயத்தாலோ போக இயலாவிட்டால் பதிவை உடனே விட்டுக்கொடுங்கள். இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் வெண்மணற்குன்றுகள் இருக்கின்றன. அவை விரல்தோல் கேட்பதில்லை. பூங்கா ஊழியர்கள் ஓவியங்களைக் காட்டி அழைத்துச் செல்லும் நடையில் ஒருநாள் சேர்ந்துகொள்வது இன்னும் நல்லது. நான்கு குளிர்காலங்கள் ஏறியும் ஒரு முகமூடியையும் நின்று பார்க்காத பாறையேறிகள் இருக்கிறார்கள்.

புலம்பல்களில் ஒன்றை மட்டும் நாங்களும் வழிமொழிகிறோம். கிழக்கு, மேற்கு மலைகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்ற விதி சரி. ஆனால் வழிகாட்டிகள் போதாமல் போகும்போது அது காசுள்ளவருக்குத் திறந்து மற்றவருக்கு மூடும் கதவாகிவிடுகிறது. கட்டணம் பெறும் வழிகாட்டியை நாள்தோறும் அமர்த்திக்கொள்ள மாணவரால் இயலாது. ஓவியங்களுக்காகப் போடப்பட்ட வேலி, வருமானத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கக் கூடாது. தன்னார்வ வழிகாட்டிகளுக்கான பயிற்சியை மாநிலப் பூங்காத் துறை விரிவாக்க வேண்டும் என்று உரக்கக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதைக் கேட்கும் தகுதி முதலில் யாருக்கு இருக்கிறது? மாதக்கணக்கில் அங்கே தங்குபவர்களுக்குத்தான். அவர்கள் அப்பயிற்சியில் சேர்ந்து, தம் ஓய்வு நாளில் நான்கு புதியவர்களை மேற்கு மலைக்கு அழைத்துச் செல்லட்டும். அந்த ஒன்பது நாட்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எங்களுக்குத் தோன்றவில்லை.