லயத்து வீடும் முதல் சம்பளமும்

1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. நீலகிரியின் சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் கொழுந்து பறித்த அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கோவையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளக்காரர்கள். பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது.

ஆனால் அவர்கள் வளர்ந்த லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். அதனால் பிள்ளைக்கு வேலை கிடைத்த கையோடு வீட்டுக் கடன் பேச்சும் தொடங்கிவிடுகிறது. இந்த நெருக்கடியில் முதலில் கரைவது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணம்தான். வேலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பிடித்தமாகிறது. நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. 10 ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. நடுவில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்தால், அதுவரை சேர்ந்த பணிக்காலம் கணக்கில் வராது. ஐந்தாண்டுப் பணி முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வருமான வரியும் வரலாம். வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் ஒன்றே போதும், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஊட்டி, கூடலூர் அரசுக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களுக்குச் சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சொந்த வீடு தருவதோ அரசின் கடமை. அந்தப் பாரத்தை 22 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.