அழைப்பு எட்டாதவர்கள்

“பேஸ்புக்கில் பார்த்துவிட்டு மருத்துவச் சோதனையில் சேருவதா?” புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைச் சமூக ஊடகம் வழியே ஆய்வுகளுக்கு அழைக்கலாம் என்று யார் சொன்னாலும், அமெரிக்க மருத்துவ வட்டாரத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். போலி வைத்தியமும் பொய் வாக்குறுதியும் மலிந்த இடம் அது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: அழைப்பு மருத்துவரின் அறையிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பது அது. அந்தத் தீர்ப்பு தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“மருத்துவர் சொல்லி வருவதே முறை”

மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது பொருந்தும். மீண்டவருக்கு?

சிகிச்சை முடிகிற நாளில் மணியடித்து விடைபெறும் வழக்கம் பல அமெரிக்க மருத்துவமனைகளில் உண்டு. செவிலியர்கள் கைதட்டுவார்கள், வீட்டார் கண் கலங்குவார்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று மருத்துவமனைத் தொடர்பு தேய்ந்துகொண்டே போகிறது. பலர் குடும்ப மருத்துவரோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் தீராத சோர்வு, விரல் நுனிகளில் மரமரப்பு, குழந்தைப்பேறு பற்றிய கவலை, இதயத்தில் பின்விளைவு, மறுபடியும் வந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவை வாட்டுவது பெரும்பாலும் மணியடித்த பிறகுதான். இவற்றுக்குத் தீர்வு தேடும் ஆய்வுகளுக்கு வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். 2022 கணக்குப்படி, புற்றுநோய் கண்டறியப்பட்டு உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடிக்கும் மேல்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கே மருத்துவர் வழி போதவில்லை. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்ச் மையத்தைச் சேர்ந்த ஜோசஃப் அங்கரும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட முடிவு இது: நோயாளிகளில் 55.6 சதவீதத்தினருக்கு, அவர்கள் சிகிச்சை பெறும் இடத்தில் பொருத்தமான சோதனை எதுவுமே இல்லை. அதே ஆய்வாளர்களின் 2021 தொகுப்பு இன்னொன்றைச் சொன்னது: சேர்கிறீர்களா என்று கேட்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேலானோர், 55 சதவீதத்தினர், சம்மதித்தார்கள். மக்கள் விலகி நிற்கவில்லை. பெரும்பாலோரிடம் யாரும் கேட்கவே இல்லை.

இப்படிக் கேட்காமல் விடுவதால் ஆய்வுகளுக்கு ஆள் சேர்வது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தின் விலை பெரிது. கீமோதெரபி முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு முறையான உடற்பயிற்சி பலன் தருமா என்று பார்த்த ‘சேலஞ்ச்’ சோதனை, 889 பேரைச் சேர்க்கச் சுமார் 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 55 மையங்கள் முயன்றும் இந்த நிலை. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்றக் குழுவில் 73.9 சதவீதம் என்ற அருமையான விடை 2025-இல்தான் கைக்கு வந்தது. ஆள் சேர்ப்பதில் போன ஒவ்வோர் ஆண்டும், இந்த விடை தெரியாமலே ஒரு தலைமுறை நோயாளிகள் கடந்துபோன ஆண்டு.

“இணையத்தில் வருகிறவர்களை நம்பி அறிவியல் செய்ய முடியாது”

ஆஞ்சியோசார்கோமா என்பது ரத்தக் குழாய்களின் உட்சுவரில் தோன்றும் கொடிய புற்றுநோய். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 300 பேருக்குத்தான் வருகிறது. எந்த ஒரு மருத்துவமனையிலும் ஆய்வுக்குப் போதுமான எண்ணிக்கை சேராது. ஆனால் பேஸ்புக்கில் நோயாளிகள் ஒருவரையொருவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், 2010-இல் இதே நோய்க்கு ஆளான கோரி பெயின்டர் என்ற விஞ்ஞானி. பிராட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தோழர்களின் துணையோடு 2017-இல் ‘ஆஞ்சியோசார்கோமா திட்ட’த்தைத் தொடங்கினார். 18 மாதத்தில் 338 பேர் பதிவு செய்தார்கள்.

சேர்ந்தவரின் வீட்டுக்குத் தபாலில் ஒரு சிறு பெட்டி வரும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் எச்சிலைச் சேகரித்து, மூடியைத் திருகி, திருப்பி அனுப்பவேண்டும். மருத்துவ ஆவணங்களையும், எங்கோ ஒரு மருத்துவமனையில் காப்பில் கிடக்கும் தன் கட்டித் துண்டையும் ஆய்வாளர்கள் வாங்கிக்கொள்ள அவர் எழுத்தில் அனுமதி தருவார். அழைப்பு பேஸ்புக்கிலிருந்து வந்தது. அறிவியல் அந்தக் கட்டித் துண்டிலிருந்து வந்தது. தலை, முகம், கழுத்துப் பகுதியில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவில் மரபணு மாற்றங்கள் மிக அதிகம், எனவே நோயெதிர்ப்புச் சிகிச்சை அங்கே பலன் தரக்கூடும் என்ற கண்டுபிடிப்பு 2020-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. இது மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல என்பது உண்மை. ஆனால் ‘இப்படி வருகிறவர்களால் நம்பகமான அறிவியல் நடக்காது’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

பரிசுக் கூப்பனுக்காகப் போலிப் பெயர்களில் இணையக் கருத்துக்கணிப்பை நிரப்புகிறவர்கள் உண்டுதான். அவர்களால் பயாப்சி அறிக்கையைக் கொண்டுவர முடியாது. ஆவணம் பார்த்த பிறகே சேர்ப்பது என்ற ஒரே விதி அந்த ஆபத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

“நொந்தவர்களிடம் ஆசை காட்டுகிறார்கள்”

ஆசை காட்டினால் அது குற்றம். அதற்கு விதியும் இருக்கிறது. ஆய்வுக்கான விளம்பரமே ஒப்புதல் பெறுவதன் முதல் படி என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 1998 வழிகாட்டுதல். நெறிமுறைக் குழு அதைப் பார்த்து ஒப்பவேண்டும். சோதிக்கப்படும் மருந்து பாதுகாப்பானது, பலன் தரும் என்று சொல்லக் கூடாது. பணம் தருவதைக் கொட்டை எழுத்தில் போடுவதுகூடக் கூடாது. இவை பேஸ்புக் பதிவுக்கும் பொருந்துபவையே.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தன் உயிரைக் காப்பாற்றிய மருத்துவர் எதிரே உட்கார்ந்து ‘இதில் சேர்கிறீர்களா?’ என்று கேட்கும்போது முடியாது என்று சொல்வது எத்தனை பேரால் முடியும்? கைப்பேசியில் வந்த அழைப்பை இரவில் நாலு முறை படிக்கலாம், மகளிடம் காட்டலாம், வேண்டாமென்றால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். அங்கே யார் மனமும் புண்படுவதில்லை.

“அந்தரங்கம் என்ன ஆவது?”

எதிர்வாதங்களில் கனமானது இதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள பெண்கள் கூடிய மூடிய பேஸ்புக் குழு ஒன்றின் உறுப்பினர் விவரங்களை வெளியாராலும் திரட்ட முடிந்ததை, 2018-இல் ஆண்ட்ரியா டவுனிங் என்ற உறுப்பினர் வெளிக்கொணர்ந்தார். பேஸ்புக் தன் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. ‘கீமோதெரபி’ போன்ற சொற்களை வைத்து ஆட்களைக் குறிபார்த்து விளம்பரம் காட்டும் வசதியையும் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 ஜனவரியில் நீக்கியது.

ஆகவே எல்லையை இப்படி வகுக்கலாம். யாருடைய பதிவையும் வேவு பார்த்து அழைக்கக் கூடாது. நோயாளி வேடமிட்டுக் குழுவுக்குள் நுழையக் கூடாது. குழுவை நடத்துபவரின் சம்மதத்தோடு, ஆய்வாளர் தன் பெயரையும் நிறுவனத்தையும் சொல்லி, எல்லாருக்கும் பொதுவாகப் பதிவிட வேண்டும். பதிவின் கீழ் நோய் விவரத்தை எழுத வேண்டாம் என்று எச்சரித்து, உடல்நலக் கேள்விகளை நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்பான பக்கத்தில் மட்டுமே கேட்கவேண்டும். அந்தரங்கக் கவலை இந்த ஒழுங்கைத்தான் கோருகிறது, கதவடைப்பை அல்ல.

“இளையவர்களும் வசதியானவர்களும் மட்டுமே வருவார்கள்”

பாதி உண்மை. இணையவழித் திட்டங்களில் வெள்ளையர்கள் மிகுதியாக இருப்பது குறைதான். கறுப்பின மக்களின் அமைப்புகளோடும் தேவாலயங்களோடும் கைகோத்துத்தான் அதைத் தீர்க்க முடியும். ஆனால் மருத்துவமனை வழி எவ்வளவு சமத்துவமானது? பெரிய புற்றுநோய் மையத்துக்கு எட்டிய தொலைவில் வசிப்பவரே அங்கே கண்ணில் படுகிறார். முதியவர்கள் விடுபடுவார்கள் என்பதும் பழைய கணிப்பு: பியூ ஆய்வு மையத்தின் 2021 கணக்கில், 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பேஸ்புக்கில் இருந்தார்கள். மீதிப் பாதிக்குக் கடிதமும் தொலைபேசியும் இருக்கின்றன. ஒரு வழி திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தகுதியை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆபத்தை விளக்கி ஒப்புதல் வாங்குவது நேருக்கு நேர் நடக்கட்டும். நெறிமுறைக் குழுக்கள் ஒவ்வொரு பதிவையும் சொல் சொல்லாக உரசிப் பார்க்கட்டும். சமூக ஊடகத்திடம் நாம் கேட்பது ஒரே ஒரு வேலை: மணியடித்துவிட்டு வீட்டுக்குப் போனவரிடம், உங்களுக்கான ஆய்வு ஒன்று நடக்கிறது என்று போய்ச் சொல்வது. சேருவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. வேண்டாம் என்று சொல்வதற்கும் அழைப்பு முதலில் அவரிடம் வந்து சேர வேண்டும்.