முகாமுக்கு எங்களையும் அனுப்புங்கள்

சென்ற அரையாண்டு விடுமுறையில் தேக்கடிக்கு மூன்று நாள் முகாம் செல்வதாக ஏற்பாடு. நாங்கள் முப்பத்திரண்டு பேர் ஆவலோடு பெயர் கொடுத்தோம். பெற்றோர் கையொப்பத்துடன் திரும்பிய தாள்களோ ஒன்பது! முகாம் நின்றுபோயிற்று. "பெண் பிள்ளைகளுக்குக் காட்டிலே என்ன வேலை?" என்பதே பல வீடுகளில் கிடைத்த பதில். அதே வாரம் எங்களில் ஒருத்தியின் தம்பி சாரணர் முகாமுக்குப் புறப்பட்டான். இரவில் கொல்லைப்புறம் போக அக்காவைத் துணைக்கு அழைக்கும் வீரன் அவன்!

அந்தக் கேள்விக்குத் தேக்கடியிலேயே விடை இருக்கிறது. குமுளிப் பக்கத்துப் பெண்கள் 2002 முதல் 'வசந்த சேனா' என்ற பெயரில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் காவல் சுற்றி வந்தவர்கள். முறைவைத்து நாள்தோறும் சிலர் செல்வார்கள். சம்பளம் கிடையாது. சந்தன மரம் வெட்டுவோரைத் தடுக்கவே இந்தக் காவல். யானையும் காட்டெருமையும் நடமாடும் காட்டில் அவர்கள் நடந்தார்கள். எங்கள் அன்னையரைப் போன்ற குடும்பப் பெண்கள்தாம் அவர்களும்.

மேலும், அந்த மலை மதுரைக்கு அந்நியமன்று. 1895இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையில் தேங்கும் நீரே தேக்கடி ஏரி. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து அது வைகையில் சேர்கிறது. மேலூர் வயல்கள் அதனால் விளைகின்றன. இதையெல்லாம் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டோம். ஏரியைக் கண்ணால் கண்டவர் எங்கள் வகுப்பில் நால்வரே.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்கள் பலர். அப்போது நாங்கள் சின்னஞ்சிறுமியர். ஆயினும் அன்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அங்கே எரிந்தது கோடையில் காய்ந்த புல். ஆணா பெண்ணா என்று பார்த்துத் தீ பரவவில்லை.

ஆதலால் கோடையில் வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். டிசம்பரில், வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்களுடைய வழிகாட்டிகளோடு மட்டும் செல்வோம். அருட்சகோதரிகளுடன் தாய்மார் சிலரும் வந்தால் இன்னும் மகிழ்வோம். சமைப்பதற்கு அன்று, எங்களோடு நடப்பதற்கு! (அட்டைப்பூச்சிக்கு அஞ்சுவோர் எங்களுள் இருக்கிறார்கள். பெயர்கள் இங்கே வேண்டாம்.)

இவ்வாண்டும் அதே தாள் வீட்டுக்கு வரும். கையொப்பத்திற்கான இடம் கீழே வலப்புறம் இருக்கிறது, அப்பா.