பன்றியைத் திட்டி ஆவதென்ன? காட்டுப் புல்லைக் கேட்போம்!

கொல்லிமலை விவசாயப் பெருமக்களே!

ராவெல்லாம் தகரம் தட்டி, டார்ச் அடிச்சு, பரணில் கண்விழிச்சுக் காவல் காக்கிறோம். விடிஞ்சு பார்த்தா மரவள்ளிக் கொல்லை உழுது போட்ட மாதிரி கிடக்கு. பன்றியைச் சுட 2025-ல் அரசு முடிவெடுத்ததே என்பீர்கள். அது காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான். சுடுவதும் வனத்துறையே. காட்டை ஒட்டியே கொல்லை வெச்சிருக்கிற நமக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

நஷ்டஈடு கேட்போம், அது நம் உரிமை. ஆனா அதோடு இன்னொன்றும் கேட்கணும். நம் காட்டில் இருந்த புல் எங்கே?

நம் பாட்டன்மார் கூரை வேயப் புல் அறுத்த சரிவெல்லாம் இன்னைக்கு உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் 1800களின் தொடக்கத்தில் பூ அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. பறவை பழம் தின்று மலை முழுக்க விதைச்சிடுச்சு. அது மூடின இடத்தில் புல் தலையெடுக்காது. மாடு தின்னா ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெடிக்கும். மானும் முயலும் வாய் வைக்க ஒன்றுமில்லை. பன்றிக்கு மட்டும் பகலெல்லாம் படுத்துக் கிடக்க அருமையான புதர். அதுவும் நம் கொல்லை ஓரத்திலேயே!

பழி முழுசையும் காட்டின் மேல் போடவும் முடியாது. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் புல் சாதிதான். சாமை அறுத்தா மணி நமக்கு, தாள் மாட்டுக்கு, சிந்தினது காடைக்கும் கௌதாரிக்கும். மரவள்ளி வந்தது, கையில் காசு வந்தது. ஆனா மாட்டுத் தீனி போச்சு, பன்றிக்குக் கிழங்கு விருந்தாச்சு. சாமைக்கு நியாய விலை கிடைச்சிருந்தா ஏன் விட்டிருப்போம்?

புல் வந்துட்டா பன்றி வராது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனா கொல்லை ஓரத்துப் புதர் போனா அது ஒளிய இடம் குறையும். காட்டுக்குள்ளே புல் இருந்தா மான், முயலுக்கு மேய்ச்சலும் மறைவும் கிடைக்கும். நம் ஆடுமாட்டுக்கும் தீனி. நாட்டுப் புல் கோடையில் மேலே காய்ஞ்சாலும் வேர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்க்கும், சரிவு மண்ணையும் பிடிச்சு நிறுத்தும். கோ-4 தீவனப்புல் மாதிரி தண்ணியும் உரமும் கேட்காது.

இதைச் செய்யத் தெரிஞ்சவங்க நாம்தான். உண்ணிச்செடியைக் காய் வைக்கும் முன்னே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாய்ப் போடணும். மேலாக வெட்டினா மறுபடி தழைக்கும். அந்த மழையிலேயே இந்த மலையில் சேர்த்த புல் விதையைத் தூவணும். வேர் பிடிக்கும்வரை மாடு விடக்கூடாது. முளைச்சு வரும் உண்ணியைச் சில வருஷம் விடாமல் பிடுங்கணும். கொல்லையை ஒட்டி மட்டும் உயரப் புல் வேண்டாம். அதிலும் பன்றி பதுங்கும். அங்கே ஒரு பட்டை வெட்டவெளி விடணும்.

அந்நியச் செடியை அகற்றிக் காட்டை மீட்க 2022-ல் தமிழக அரசு கொள்கையே போட்டிருக்கு. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலுக்கும், சமூகக் காட்டைக் காக்கவும் மீண்டும் வளர்க்கவும் நமக்கு உரிமை தருது. காகிதத்தில் இருப்பது மலையேறி வர வேண்டாமா?

நம் கோரிக்கைகள்:

1. கொல்லிமலைக் காட்டில் உண்ணிச்செடியை அகற்றி நாட்டுப் புல் விதை!
2. அந்த வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காதே! கூலியோடு கிராம சபைக்குக் கொடு!
3. நம் பெண்கள் சேர்க்கும் புல் விதைக்கு விலை கொடு!
4. சாமை, தினைக்கு நியாய விலை வைத்து மலையிலேயே கொள்முதல் செய்!
5. பயிர் நஷ்டஈட்டை இழுத்தடிக்காமல் கொடு!

வரும் கிராம சபையில் ஊர் ஊராய்த் தீர்மானம் போடுவோம். ஆடியில் செம்மேட்டில் நடக்கும் ஓரி விழாவுக்கு வரும் அதிகாரிகள் கையில் அதைக் கொடுப்போம். வல்வில் ஓரிக்கு மாலை போட்டா மட்டும் போதாது, அவன் மலைக்குப் புல்லையும் திருப்பிக் கொடு என்று கேட்போம்.

திரண்டு வாருங்கள்!