‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது’ என்பது பதில் ஆகாது

பூங்கா நடைபாதையிலும் கடற்கரை மணலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் வாசலிலும் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. பெல்ட் இல்லாத நாய் ஒன்று பாய்ந்து வருகிறது. எதிரே வருபவர் திடுக்கிட்டு ஒதுங்குகிறார். பத்தடி தள்ளி நிற்கும் உரிமையாளர் சிரித்த முகத்தோடு, “பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்கிறார்.

பெரும்பாலும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான் அது. ஆனாலும் அது தவறான பதில். பொது இடத்தில் நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரிமையாளரின் விருப்பமன்று, கடமை. அந்தக் கடமையைத் தள்ளிவிடச் சொல்லப்படும் காரணங்கள் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாய் வளர்க்கிறவன் என்ற முறையிலேயே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க விரும்புகிறேன்.

“எங்க நாயைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?”

வீட்டில் உள்ள நாயை உங்களுக்குத் தெரியும். தெருவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. வீட்டில் பழகிய முகங்கள், பழகிய வாசனை, பழகிய ஓசை. வெளியே ஆட்டோ ஹாரன், பட்டாசு, ஓடும் குழந்தை, குடை விரிக்கும் பெரியவர், தன் எல்லைக்குள் யாரையும் விடாத தெருநாய்க் கூட்டம். சோபாவில் சுருண்டு படுத்திருக்கும் அதே நாய், இவற்றின் நடுவே அச்சத்தாலோ ஆர்வத்தாலோ முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம்.

அச்சத்தின் அறிகுறிகளை நம்மில் பலர் சரியாகப் படிப்பதும் இல்லை. வாலை ஆட்டினால் நட்பு என்று நினைக்கிறோம். உயர்த்திய வாலை விறைப்பாக ஆட்டுவது நட்பின் அடையாளமன்று. உடல் இறுகுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் ‘என்னை விட்டுவிடு’ என்று நாய் சொல்லும் வழிகள். அதைக் கவனிக்காமல் குழந்தையிடம் “தடவிக் கொடு, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லும்போதுதான் பல கடிகள் நேர்கின்றன.

பரம்பரைக் குணமும் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். ஓடும் பூனையைக் கண்ட நொடியில் உரிமையாளரின் குரல் அவற்றின் காதில் ஏறாமல் போவதில் வியப்பில்லை. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை. அந்நியரைச் சந்தேகிப்பது அவற்றின் இயல்பு. இதில் நாயின் குற்றம் ஒன்றுமில்லை. அந்த இயல்பை அறிந்து கயிற்றைக் கையில் பிடிக்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள் அவள். தலையில் பலத்த காயம். அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்தார். கடித்த நாய் எதுவாக இருந்தாலும், முதல்முறை கடிக்கும் நொடி வரை அதுவும் கடிக்காத நாய்தான். ‘இதுவரை கடித்ததில்லை’ என்பது இனி கடிக்காது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

“பயந்து ஓடுவதால்தான் துரத்துகிறது”

ஓடினால் நாய் துரத்தும் என்பது உண்மை. அதனால் ஓடுகிறவர்தான் மாற வேண்டும் என்பது தவறான முடிவு. பொதுச் சாலையில் நடக்க யாரும் தைரியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. சிறுவயதில் கடிபட்டு அந்த நடுக்கம் இன்னும் தீராதவர் இருப்பார். நாயின் வாய் உயரத்துக்கு முகம் இருக்கும் மூன்று வயதுக் குழந்தை இருக்கும். எலும்பு தேய்ந்த எழுபது வயதுப் பாட்டி இருப்பார். அவர் மேல் லாப்ரடார் ஒன்று அன்போடு தாவினாலும் போதும்; கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் பலரால் பிறகு பழையபடி நடக்க முடிவதில்லை. நாய் குறுக்கே பாய்ந்து இருசக்கர வண்டி சறுக்கினால், அங்கே கடி என்பதே இருக்காது. ஆனால் உயிர் போகலாம்.

‘வெளிநாட்டில் நாய்கள் சுதந்திரமாகத் திரிகின்றனவே’ என்பாரும் உண்டு. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டத்தைப் பாருங்கள். நாய் யாரையாவது காயப்படுத்திவிடுமோ என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலே, அது ஆபத்தான முறையில் கட்டுப்பாட்டை மீறியதாகக் கருதப்படும். கடித்திருக்க வேண்டியதில்லை. எல்லா இனத்துக்கும் இது பொருந்தும். எதிரே வருபவரின் அச்சத்தை அந்த நாட்டுச் சட்டம் ஒரு பொருட்டாக மதிக்கிறது.

“தடுப்பூசி போட்டாச்சு, கடிச்சாலும் பயமில்லை”

தடுப்பூசி போட்டது நல்லது, அது கட்டாயம். ஆனால் கடிபட்டவர் உங்கள் நாயின் அட்டையைப் பார்த்தவரில்லை. ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இந்த ஆண்டு விட்டுப்போயிருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரியாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் அதன்பின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, ‘ஊசி போட்ட நாய்தான்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி அவர் எப்படி வீட்டில் இருப்பார்?

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாள், பிறகு 3ஆம், 7ஆம், 28ஆம் நாள் என்று ஊசிக்கு அலைய வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம். கடி ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். சீழ் பிடித்தல், தசை கிழிதல், முகத்தில் நிரந்தரத் தழும்பு, குழந்தையின் மனதில் பல காலம் தங்கும் அச்சம் ஆகிய எதையும் நாய்க்குப் போட்ட தடுப்பூசி தடுக்காது. அது ரேபிஸைத் தடுக்கும். கடியைத் தடுப்பது கயிறு.

“கட்டிக் கூட்டிப்போவது கொடுமை”

நாயை நேசிப்பவர்கள் சொல்வதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது கொடுமைதான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பது குற்றம். கட்டியே அல்லது அடைத்தே வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம். நாயை வாக்கிங் கூட்டிப்போவது ஆடம்பரமன்று, சட்டம் எதிர்பார்க்கும் பராமரிப்பு. அப்படிக் கூட்டிப்போகும் அரைமணி நேரம் கயிற்றைப் பிடித்திருப்பதும், இருபது மணி நேரம் மொட்டைமாடியில் கட்டிப்போடுவதும் ஒன்றாகாது.

நம் சாலைகளில் கயிறு நாயின் உயிர்க்காப்பும்கூட. கயிறு இல்லாத நாய் எதிர்ச்சாரியில் ஒரு பூனையைக் கண்டால் லாரியைப் பார்க்காது. தெருநாய்களின் எல்லைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் நான்கைந்து சேர்ந்து குதறிவிடும். தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்துபோகும். குப்பையில் கிடக்கும் கோழி எலும்பை விழுங்கித் தொண்டையிலோ குடலிலோ சிக்கவைத்துக்கொள்ளும். குட்டைக் கயிறு அத்தனையையும் தடுக்கிறது.

எந்தக் கயிறு என்பதும் முக்கியம். நெரிசலான நடைபாதைக்கு ஐந்தாறு அடி நீளமுள்ள பட்டைக் கயிறு போதும். பொத்தானை அழுத்த நீண்டுகொண்டே போகும் வகை அங்கே உதவாது. நாய் பதினைந்து அடி தள்ளி நின்றால் கயிறு கையில் இருந்தும் பயனில்லை. இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் நல்லது. கழுத்து இறுகாது, பிடியும் கிடைக்கும். வாய்க்கவசம் தேவைப்படும் நாய்க்குக் கூடை வடிவக் கவசம் போடலாம். அதைப் போட்டபடியே நாய் வாய் திறந்து மூச்சிரைக்கும், தண்ணீர் குடிக்கும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையைப் போட்டு நடக்கவைப்பதுதான் நம் ஊர் வெயிலில் ஆபத்து. நாய் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பது, ‘நில்’ என்றால் நிற்பது, ஆள் கடக்கும்போது பக்கத்தில் உட்காருவது ஆகிய மூன்றையும் தீனி கொடுத்தே எந்த வயது நாய்க்கும் பழக்கலாம். அடியும் அதட்டலும் வேண்டாம். அச்சத்தில் வளர்ந்த நாய்தான் அச்சத்தில் கடிக்கிறது. தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத சூட்டில் நாயின் பாதமும் வேகும். விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டிப்போங்கள்.

கயிற்றை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். நாற்பது கிலோ நாயைப் பத்து வயதுப் பையனிடமோ, அந்த நாயோடு பழகவே வாய்ப்பில்லாத வீட்டு வேலைக்காரம்மாவிடமோ கொடுத்தனுப்புகிறோம். பிடிக்கத் திராணி இல்லாதவர் கையில் இருக்கும் கயிறு கட்டுப்பாடு ஆகாது.

“உண்மையான பிரச்சினை தெருநாய்கள்தான்”

தெருநாய்ப் பிரச்சினை பெரிது. 2025இல் உச்ச நீதிமன்றமே திரும்பத் திரும்பக் கையிலெடுத்த விஷயம். கருத்தடையும் தடுப்பூசியும் அரசும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டிய வேலை. அதில் அவர்களைக் கேள்வி கேட்போம். ஆனால் வளர்ப்பு நாய்க்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்கிறார். அடுத்தவர் பொறுப்பைச் சுட்டிக்காட்டுவதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தெருநாய்களின் எண்ணிக்கையிலும் நமக்குப் பங்கிருக்கிறது. கருத்தடை செய்யாமல் அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய்கள் தெருவில் குட்டிகளைப் பெருக்குகின்றன. வளர்க்க முடியவில்லை என்று இரவோடு இரவாகப் புறவழிச்சாலையில் விட்டுவிட்டு வருபவர்களால் மேலும் பெருகுகின்றன.

“கழிவு மண்ணுக்கு உரம்தானே?”

இல்லை. நாய் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கலாம். உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பூங்கா மணலில் விளையாடுவது குழந்தைகள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் மலத்தின் வழியாகப் பரவி மண்ணில் பல மாதம் தங்கும். நாம் விட்டுப்போனதைக் கடைசியில் கையால் அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளர். நம் நாயின் கழிவைச் சுமப்பது அவர் தலையெழுத்து அல்ல. ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு பையும் இருந்தால் வேலை முடிந்தது.

“சிலர் செய்யும் தவறுக்கு எல்லோருக்கும் கட்டுப்பாடா?”

கட்டுப்பாடு கயிற்றோடு நிற்க வேண்டுமானால் நாம் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வருவது தடை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. பிட்புல், ராட்வீலர் இனங்களுக்குப் புதிய உரிமம் கிடையாது என்றும் தீர்மானித்தது. கவனமில்லாத சிலரால், ஒழுங்காக வளர்க்கிறவர்களும் அவர்களுடைய நாய்களும் பாதிக்கப்படுகிறார்கள்.

நாய் வளர்க்கவே கூடாது என்று எந்தக் குடியிருப்போர் சங்கமும் விதி போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பொது இடத்தில் கயிற்றைப் பிடிக்கவும் கழிவை அகற்றவும் அதே வழிகாட்டுதல்தான் நம்மைக் கேட்டுக்கொள்கிறது. முதல் பாதியை மட்டும் காட்டிச் சங்கக் கூட்டத்தில் வாதாடுவது நியாயமில்லை.

நாய் வளர்ப்போரே, உரிமம் வாங்குங்கள். ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். வீட்டு வாசலைத் தாண்டும் முன் கயிற்றை மாட்டுங்கள். பையை மறக்காதீர்கள். எதிரே வருபவர் ஒதுங்கினால் ‘ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லாதீர்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நின்று அவருக்கு வழிவிடுங்கள். நம் நாய் நல்ல நாய் என்பதை அவருக்குக் காட்ட அதைவிட நேர்மையான வழி இல்லை.