எரிமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

ஆபத்தென்று அறிந்த ஓரிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது அறிவுடைமையாகுமா? 2025 இல், ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகள் இருவருடன் சென்றபோது இக்கேள்வியே என்னை அலைக்கழித்தது.

1916 இல் நிறுவப்பட்ட அப்பூங்காவிலுள்ள கிலவேயா, உலகின் மிகத் துடிப்பான எரிமலைகளுள் ஒன்று. 2018 இல் அதன் கிழக்குச் சரிவில் நிலம் பிளந்து வழிந்த தீக்குழம்பு 700 க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. பூங்காவின் பெரும்பகுதி நான்கு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டிருந்தது. 2024 டிசெம்பர் 23 இல் உச்சிப் பள்ளத்தில் தொடங்கிய வெடிப்போ, இடையிடையே ஓய்வதும் மீண்டும் பொங்குவதுமாக 2025 இலும் தொடர்ந்தது.

நாங்கள் அந்தி சாயும் வேளையில் சென்றோம். ஏறத்தாழ 4,000 அடி உயரமாதலால் நல்ல குளிர். தீயூற்று அன்று ஓய்ந்திருந்தது. பள்ளத்தின் அடியில் செம்மை மட்டும் கனன்று கொண்டிருந்தது. அதைப் படம்பிடிக்கக் கமராவை எடுத்தவன், இளையவனின் கையை விட்டுவிட்டேன். அரை நிமிடம்கூட இராது. திரும்பிப் பார்த்தால், அவன் வேலியின் கீழ்க்கம்பியில் ஏறி நிற்கிறான்!

2024 டிசெம்பரில் அதே பூங்காவில் ஒரு மழலை, குடும்பத்தாரின் கண்முன்னே பள்ளத்தின் விளிம்பை நோக்கி ஓடியது. ஏறத்தாழ ஓரடி இடைவெளியில் தாய் எட்டிப் பிடித்தார். அதற்கப்பால் 400 அடிப் பள்ளம். அச்செய்தியைப் படித்தபோது, 'என்ன பெற்றோர் இவர்கள்!' என்று எண்ணியவன் நான். அன்று அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட்டேன்.

ஆயினும், அழைத்துச் செல்ல வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். மூச்சிழுப்பு நோயுள்ள பிள்ளைகளைக் கந்தக வாயு வாட்டும். அவர்களைத் தவிர்த்தல் நன்று. மற்றவர்கள் பார்க்கட்டும். பாடநூலின் எரிமலை, படத்துக்குள் அடங்கிய ஒன்று. அங்கு காண்பதோ, மனிதனின் அனுமதியை வேண்டாத ஒரு வல்லமை. ஹவாய் மக்கள் அப்பள்ளத்தைப் பெலே என்னும் தெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றுவதன் பொருள் அங்கு நின்றபோதே எனக்கு விளங்கிற்று.

"அம்மப்பா, இந்த நெருப்பை ஒருத்தரும் அணைக்க மாட்டினமோ?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ஒருத்தராலையும் ஏலாது பிள்ளை" என்றேன்.

அவள் தம்பியின் கையைத் தானாகவே பற்றிக்கொண்டாள். வேலியும் அறிவிப்புப் பலகையும் பூங்காவின் பொறுப்பு. பிள்ளையின் கை நம் பொறுப்பு. கமரா அதன்பின் பையைவிட்டு வெளிவரவில்லை.