நெளிமுடியை நிமிர்த்தணுமா?

1/
காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பேசி முடிஞ்சு, சீட்டை வாங்கிட்டு எழுந்திரிக்கும்போது கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "டாக்டர், பிள்ளைக்கு முடி நெளிநெளியா பரட்டையா நிக்குது. நேராக ஏதும் மாத்திரை இருக்கா?"

இல்லீங்க. தேவையும் இல்லை. ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய வியாபாரம் இருக்கு, ஓர் ஆபத்தும் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் தோல் மருத்துவர் இல்லை, அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பாக்கிற எம்பிபிஎஸ். இருக்கிறது புதுக்கோட்டை. திருச்சிக்குத் தெற்கே இருக்கிற புதுக்கோட்டை இல்லை, தூத்துக்குடி - திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற எங்க புதுக்கோட்டை. உப்புத்தண்ணி, கடல்காத்து, வெயில் மூணும் தாராளமா கிடைக்கிற ஊர்ப்பக்கம். நெளிமுடிக்காரங்க படுற பாடு எனக்கு நல்லாத் தெரியும்.

3/
முடி ஏன் நெளியுது?

முடி முளைக்கிற வேர்க்குழி நேரா இருந்தா முடி நேரா வரும். குழி வளைஞ்சு இருந்தா முடியும் வளைஞ்சுதான் வரும். வெட்டிப் பாத்தா கோரைமுடி ஏறக்குறைய வட்டமா இருக்கும், நெளிமுடி கொஞ்சம் தட்டையா இருக்கும். இது அப்பா அம்மா வழியா வந்த அமைப்பு. சிலருக்கு வயசுக்கு வந்தபிறகு, பிரசவத்துக்குப் பிறகு நெளிவு கூடும், குறையும். சத்துக்குறைவு இல்லை, சூடு இல்லை, நோயும் இல்லை.

4/
அப்போ ஏன் வறண்டு சிலும்பி நிக்குது?

தலைத்தோலில் சுரக்கிற இயற்கை எண்ணெய் நேரான முடியில் சுலபமா கீழே இறங்கிடும். நெளிமுடியில் ஒவ்வொரு வளைவையும் தாண்டி நுனிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் தலை பிசுபிசுன்னும் நுனி வைக்கோல் மாதிரியும் இருக்கு. வளைவுகளில் முடியின் மேல்செதில் லேசா தூக்கி நிக்கும். காத்தில் இருக்கிற ஈரம் அது வழியா உள்ளே போனதும் முடி ஒரு பக்கம் உப்பும். கடலோரத்தில் இது இன்னும் ஜாஸ்தி.

பிரச்சினை வறட்சி, சிக்கு. அதுக்கு வைத்தியம் ஈரப்பதமும் பக்குவமும். நிமிர்த்துறது வைத்தியம் ஆகாது.

5/
இனி அந்த வியாபாரத்துக்கு வருவோம்.

கல்யாணம் நிச்சயமானா ஸ்ட்ரெய்ட்டனிங். காலேஜ் சேர்ந்தா ஸ்மூத்தனிங். தீபாவளிக்குக் கெரட்டின். பேர் பலவிதம், முறை ரெண்டு மூணுதான். ரீபாண்டிங்கில், முடிக்கு வடிவம் கொடுக்கிற கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைச்சு, நேராக்கி, மறுபடி பூட்டுறாங்க. வேர்க்குழி அப்படியேதான் இருக்கு. மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ. புதுமுடி வளரும், அது நெளிஞ்சுதான் வளரும். பாதி நேர், பாதி நெளி. அதைச் சரிபண்ண மறுபடி பார்லர், மறுபடி பல ஆயிரம்.

6/
கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பேரில் விக்கிற பல பொருட்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது இஸ்திரி மாதிரி சூடு காட்டும்போது அது வெளிவரும். ஃபார்மால்டிஹைடு எதுன்னு தெரியணுமா? எங்க முதல் வருஷ உடற்கூறியல் கூடத்தில் சடலங்கள் கெடாம இருக்க ஊத்துற ஃபார்மலின் இருக்கே, அது இந்த ஃபார்மால்டிஹைடைத் தண்ணியில் கரைச்சதுதான். கண் எரிஞ்சு மூக்கில் தண்ணி ஊத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முதல் பிரிவில் வச்சிருக்கு.

7/
"எங்க கடையில ஃபார்மால்டிஹைடு இல்லாத க்ரீம்தான்" என்பாங்க. அதுக்குப் பதிலா பல க்ரீம்களில் சேர்க்கிறது கிளையாக்ஸிலிக் அமிலம். இது தலைத்தோல் வழியா உடம்புக்குள்ளே போனா ஆக்சலேட்டா மாறும். ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமா அடைக்கும். நம்ம பக்கம் ரொம்பப் பேருக்கு வர்ற கிட்னிக் கல்லிலும் பெரும்பாலும் இருக்கிறது இதே கால்சியம் ஆக்சலேட்தான்.

8/
இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை, முடி நேராக்கிய பிறகு திடீர் சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 26 பெண்களைப் பத்தி மருத்துவர்கள் பதிவு செஞ்சிருக்காங்க. சிலருக்கு டயாலிசிஸ் வரை போச்சு.

2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் 26 வயசுப் பெண் ஒருத்தரைப் பத்தி எழுதினாங்க. 2020, 2021, 2022 என்று மூணு தடவை முடியை நேராக்கினார். மூணு தடவையும் வாந்தி, முதுகுவலியோடு சிறுநீரகம் பாதிச்சது. அதே க்ரீமை எலிகளுக்குத் தடவிப் பாத்தாங்க. எலிகளின் சிறுநீரகத்திலும் அதே படிகம்.

9/
அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2022-ல் வந்தது. முடியை நேராக்கும் ரசாயனமே போடாதவங்களுக்கு 70 வயசுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம். வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் போட்டவங்களுக்கு 4.05 சதவீதம்னு அந்த ஆய்வு கணக்கிட்டது. இது தொடர்பு மட்டும்தான், காரணம்னு நிரூபணம் ஆகலை. ஒரு தடவை போட்டவங்க தூக்கம் கெட வேண்டாம். ஆனா அழகுக்காகச் செய்ற ஒரு காரியத்தில் இவ்வளவு சந்தேகம் இருந்தா யோசிக்கணுமா இல்லையா?

நல்லா இருந்த முடியைக் கொண்டுபோய் இதில் கொடுக்கிறது, வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

10/
இன்னொருத்தரை நாம நினைச்சே பாக்கிறதில்லை. பார்லரில் வேலை பாக்கிற பிள்ளை. நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை மூணு மணி நேரம் அந்தப் புகையில் இருப்பீங்க. அந்தப் பிள்ளை ஏசி போட்டு ஜன்னல் சாத்தின ரூமில் தினமும் இருக்கு. கடை நடத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜன்னலைத் திறங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, பொருளில் என்ன இருக்குன்னு டப்பாவைப் படிச்சுட்டு வாங்குங்க.

11/
சரி, நெளிமுடியை எப்படித்தான் பராமரிக்க? செலவில்லாத வழிகளே இருக்கு.

• குளிக்க அரைமணி நேரம் முன்னாடி முடியின் நடுவிலிருந்து நுனி வரை தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் ஊடுருவி, புரதம் இழப்பதைக் குறைக்குதுன்னு 2003-ல் வந்த ஆய்வு சொல்லுது. (செஞ்சவங்க தேங்காய் எண்ணெய் விக்கிற கம்பெனியைச் சேர்ந்தவங்க, அதையும் சொல்லிடணும்.)

• பொடுகு இருந்தா தலைத்தோலில் எண்ணெய் ஊற விடாதீங்க. பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்ப்பசைதான் சாப்பாடு.

• ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. மாத்திப் போடாதீங்க. வாரம் ரெண்டு தடவை போதும்.

• கண்டிஷனர் போட்டு வழவழன்னு இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்க. நுனியில் ஆரம்பிச்சு மேலே வாங்க. காய்ஞ்ச பிறகு சீவினா நெளிவு கலைஞ்சு பரட்டை ஆயிடும்.

• துண்டால் அடிச்சு உலர்த்துற பழக்கத்தை விடுங்க. பழைய பருத்தி வேட்டியால் ஒத்தி எடுங்க. நுனியைக் கையில் அள்ளி மேல்பக்கமா லேசா அழுத்தி விட்டு, அப்படியே காய விடுங்க.

12/
உப்புத்தண்ணிக்கு என்ன பண்ண?

போர் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தா வெள்ளையா திரிஞ்சு முடியில் படியும். அதனால் தலைக்குச் சோப்பு வேண்டாம், ஷாம்பு போடுங்க. கடைசியா ஒரு குடம், முடிஞ்சா குழாயில் வர்ற ஆத்துத் தண்ணியில் அலசுங்க. கடலில் குளிச்சாலும் இதேதான். திருச்செந்தூரில் கடலாடிட்டு நாழிக்கிணத்தில் குளிக்கிறோமே, பக்திக்கு மட்டும் இல்லை, முடிக்கும் அது நல்ல வழக்கம்.

13/
எப்போ டாக்டரைப் பாக்கணும்?

முடி கொத்துக்கொத்தா கொட்டினா, வட்டமா வழுக்கை விழுந்தா, தலைத்தோலில் புண் வந்தா. டெங்கு, பிரசவம், பெரிய ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்தில் கொட்டுறது பெரும்பாலும் தானா நிக்கும். நிக்காட்டி ரத்தச்சோகை, தைராய்டு பாக்கணும். அரசு மருத்துவமனைக்கு வாங்க.

முடியை நேராக்கின சில மணி நேரத்திலோ சில நாளிலோ வாந்தி, வயித்துவலி, முதுகுவலி வந்தா, சிறுநீர் குறைஞ்சா அன்னைக்கே வாங்க. "தலைக்கு ட்ரீட்மென்ட் பண்ணினேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்க. ஒரு கிரியேட்டினின் டெஸ்ட் உங்க கிட்னியைக் காப்பாத்தலாம்.

14/
கடைசியா அம்மா அப்பாக்களுக்கும் டீச்சர்களுக்கும்.

ஒரு பிள்ளையைப் பாத்து "தலை சீவாம வந்துட்டியா?" என்று கேக்கிறதுக்கு முன்னாடி, அது சீவின தலைதானான்னு பாருங்க. ஈரத்தலையை இறுக்கிப் பின்னி அனுப்பாதீங்க. ஈரமுடி சுலபமா அறும், வருஷக்கணக்கில் இறுக்கிப் பின்னினா நெத்தியோரம் முடி நிரந்தரமாவே போயிடலாம்.

சுருட்டைமுடிக்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாதுன்னு 2019-ல் கலிபோர்னியாவில் சட்டமே போட்டாங்க. நமக்குச் சட்டம் கூட வேண்டாம். சங்கப் பாடல்களில் கூந்தலுக்கு வர்ற உவமை 'அறல்'. ஆத்துத் தண்ணி வடிஞ்சபிறகு கருமணலில் தெரியிற நெளிவரி. தாமிரபரணிக் கரைக்காரங்களுக்கு இதை விளக்கணுமா? நம்ம பாட்டன் பூட்டன் அழகுன்னு சொன்ன முடியைத்தான் இன்னைக்குப் பிள்ளைங்க காசு கொடுத்துப் பொசுக்கிட்டு வருது.

உங்க வீட்டு நெளிமுடிக்காரங்களுக்கு இதை அனுப்புங்க. கூடவே ஒரு பெரிய பல் சீப்பும் வாங்கிக் கொடுங்க.